ஏழாம் பிரிவு

வுப்பர்டால்
2.2.2025

மதிப்புக்குரிய கலாதேவி அவர்களுக்கு,

உறையில் இருக்கும் கையெழுத்தைக் கண்டதுமே யார் என்று விளங்கியிருக்கும். கிழித்துப் போடுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். தொலைபேசியில் எழுதியிருக்கலாம். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வரி எழுதினால் பொழுதுபடுவதற்குள் அது நாற்பது பேரிடம் நிற்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பொங்கல் அன்று நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரே ஞாயிறு, ஒரே மண்டபம், இரண்டு சங்கம். சோலிங்கன் தேவாலய மண்டப வாசலில் உங்கள் ஆட்கள் ஒரு பானையோடு, எங்கள் ஆட்கள் ஒரு பானையோடு. நடுவில் பாவாடை தாவணியில் குளிரில் நடுங்கிக்கொண்டு பிள்ளைகள். “நாங்கள்தான் முதல் எழுதிக் குடுத்தனாங்கள்” என்று எங்கள் பக்கம் கத்த, உங்கள் பக்கம் தாளை நீட்ட, மண்டபப் பொறுப்பாளர் ஜூலியன் இரண்டு தாளையும் வாசித்துவிட்டுக் கேட்டாரே, “இரண்டிலும் தமிழர் ஒன்றியம் என்றுதானே இருக்கிறது, நீங்கள் ஒரு சங்கமா இரண்டு சங்கமா?” என்று. உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் நீட்டிய தாளை மடித்துவிட்டீர்கள்.

அடுத்த நாள் அவர் என்னை அழைத்துச் சொன்னார்: தேவாலயம் மற்றக் கட்டடங்களை விற்கிறது, அங்கே கூடுகிறவர்களும் இனி இந்த மண்டபத்துக்குத்தான். இந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து தமிழருக்குப் பள்ளிக்குச் சனிக்கிழமையும் விழாவுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறும்தான். ஒரு சங்கம் கையெழுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் இப்போது பதினொரு பிள்ளைகள். உங்களிடம் ஒன்பது என்று கேள்வி. இரண்டாயிரத்துப் பத்தில் உடைந்ததை மறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பதவிகளை இரு பக்கமும் பகிர்ந்துகொண்டு ஓர் உடன்படிக்கை எழுதுவோம் என்றுதான் கேட்கிறேன். அங்கே நீங்கள் தலைவர், இங்கே நான். நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் வருவார்கள்.

உங்கள் கணவரின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாக அறிந்தேன். சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
தபோதரன்


கொலோன்
16.2.2025

திரு. தபோதரன் அவர்களுக்கு,

முழுவதும் வாசித்தேன். கிழிக்கவில்லை.

செயற்குழுவில் உங்கள் யோசனையைச் சொன்னேன். மூன்று மணி நேரம் கத்தினார்கள். “அவையோடையோ? பதினைஞ்சு வருசமா எங்களைத் துரோகி எண்டு சொன்னவையோடையோ?” என்று ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். பிறகு அவரே திரும்பி வந்து, மண்டபம் இல்லாவிட்டால் பிள்ளைகளை எங்கே இருத்திப் படிப்பிப்பது என்று கேட்டார். ஆகவே பேசலாம்.

உங்களிடம் அறுபது குடும்பம், எங்களிடம் முப்பத்தைந்து. தலையை எண்ணி வாக்கெடுப்பு வைத்தால் எங்களுக்கு ஒவ்வொரு முறையும் தோல்விதான். அதற்குச் சேர வேண்டியதில்லை. செயற்குழுவில் மூன்று பேர் உங்கள் பக்கம், மூன்று பேர் எங்கள் பக்கம். தலைவர் பதவி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கைமாற வேண்டும். உப தலைவர் மற்றப் பக்கத்தவராக இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்து வைக்காமல் ஒரு கடிதமும் வெளியே போகக்கூடாது. ஏழாவது ஆளாக இங்கே பிறந்த பிள்ளை ஒன்று வரட்டும். ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மிதுஷாவைச் சொல்கிறேன். அவளுடைய தாய் உங்கள் சங்கம், தகப்பன் எங்கள் சங்கம். வீட்டிலேயே இரண்டு பக்கத்தையும் சமாளித்து வளர்ந்தவள்.

நினைவு நாள் பற்றியும் ஒரு பிரிவு எழுத வேண்டும். அதைப் பிறகு எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சக் காலம் வேண்டும்.

இவருக்கு முழங்கால் பரவாயில்லை. படியேறுகிறார்.

கலாதேவி


வுப்பர்டால்
9.3.2025

அன்புள்ள கலாதேவி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் ஓம் சொல்லிவிட்டது. ஓம் என்று ஒரு சொல்லில் எழுதுகிறேன்; நான்கு கூட்டம் எடுத்தது. கடைசிக் கூட்டத்தில் பரராசசிங்கம் அண்ணை, “அறுபதுக்கும் மூண்டு, முப்பத்தைஞ்சுக்கும் மூண்டோ? இதென்ன கணக்கு?” என்று கேட்டார். மிதுஷா எழும்பிப் பதில் சொன்னாள்: “மாமா, சண்டை முடிஞ்ச நாடுகளிலை இப்பிடித்தான் எழுதுறவை. கனபேர் உள்ள பக்கம் கொஞ்சம் விட்டுக்குடுக்காட்டி மற்றப் பக்கம் மேசைக்கே வராது.” பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாளாம். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: “பதவியைப் பிரிக்கிறது லேசு மாமா. என்ன நடந்தது எண்டு ஒரு வசனம் எழுதிறதிலைதான் எல்லாரும் முறியிறவை.” இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு எங்கள் அகதி விடுதியின் குசினி நினைவுக்கு வந்தது. எண்பத்தேழாம் ஆண்டு. பதினான்கு குடும்பத்துக்கும் முப்பது தனி ஆட்களுக்கும் நான்கு அடுப்பு. ஒரு இயக்கத்துப் பெடியள் சமைத்த அடுப்பில் மற்ற இயக்கத்துப் பெடியள் சட்டி வைக்க மாட்டார்கள். ஒரு நாள் அகப்பையால் அடிபட்ட பிறகு நான்தான் கதவில் நேர அட்டவணை எழுதி ஒட்டினேன். காலை இவர்கள், மதியம் அவர்கள், செவ்வாயும் வெள்ளியும் மாற்றம். நீங்கள் அதை வாசித்துவிட்டு, “பெண்டுகளுக்கு எந்த நேரம் அண்ணை? நாங்கள் ஒரு இயக்கமும் இல்லையே” என்று கேட்டீர்கள். அந்த வரியை நான் மறந்தே போயிருந்தேன்.

மூன்று கிழமைகூட அந்த அட்டவணை நிற்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஊரிலிருந்து மிளகாய்த்தூள் வந்தது. மற்றப் பக்கத்துக்கு ஆற்றில் மீன் பிடிக்கத் தெரிந்த ஒருவன் கிடைத்தான். அதோடு முடிந்தது.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்களும் கொஞ்சம் சிரித்திருந்தால் சந்தோஷம்.

அன்புடன்
தபோதரன்


கொலோன்
30.3.2025

அன்புள்ள தபோ அண்ணை,

சிரித்தேன். இவர் என்னவென்று கேட்டார். வாசித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். அந்த ஆற்று மீனில் மண் மணம் என்று நீங்கள் தேசிக்காய்ப் புளிக்கு அலைந்ததையும், தேசிக்காயைச் சைகையில் கேட்கப்போய்க் கடைக்காரி முட்டை எடுத்துத் தந்ததையும் விட்டுவிட்டீர்கள்.

பழகிய கை, அண்ணை என்று எழுதிவிட்டது. வெட்டாமல் விடுகிறேன்.

ஏழாம் பிரிவை இப்போது எழுதுகிறேன். ‘நினைவு நாளன்று, போரில் இறந்த எல்லோருடைய பெயரும், அவர் எந்த இயக்கத்தவர், எவரால் இறந்தவர் என்ற பேதமின்றி மேடையில் வாசிக்கப்படும். பதவியில் உள்ள தலைவர் வாசிப்பார்.’ இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற ஏலாது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாயிரத்துப் பத்தில் சங்கம் தேர்தலில்தான் உடைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அந்த வருட நினைவு நாளில் ஒரு துண்டுத் தாளில் கேதீஸ்வரன் என்று எழுதி உங்களிடம் தந்தேன். என் அண்ணா. எண்பத்தாறில் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்தபோது உங்கள் இயக்கம் கொண்டுபோய்ச் சுட்ட இருபது வயதுப் பெடியன். நீங்கள் தலைவர். தாளைப் பார்த்தீர்கள், மடித்தீர்கள், என் கையில் திருப்பி வைத்தீர்கள். “இது வேண்டாம் தங்கச்சி” என்றீர்கள். வேறு யார் அப்படிச் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

நீங்கள் எனக்கு யார்? அகதி விசாரணைக்கு என்னைக் கூட்டிப்போய் ஐந்து மணி நேரம் வெளியே மர வாங்கில் குந்திக் காத்திருந்தவர். ‘அண்ணனைக் கொன்றது யார்?’ என்று உள்ளே கேட்டார்கள். இயக்கத்தின் பெயரைச் சொன்னேன். வெளியே வந்து உங்களிடம், “உங்கடை இயக்கத்தின்ரை பேரைத்தான் சொன்னனான், கோவிக்காதேங்கோ” என்றேன். ரயில் நிலையத்தில் சூடான சொக்கலேட் வாங்கித் தந்தீர்கள். பாதி கீழே ஊற்றியது, என் கையால் இல்லை, உங்கள் கையால். என் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன் நிற்க வேண்டிய மாப்பிள்ளைத் தோழன் இடத்தில் அண்ணா இல்லை என்று நான் அழுதபோது தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போய் நின்றவர் நீங்கள். அந்த மனிதன் ஒரு பெயரை வாசிக்க மாட்டேன் என்றால் நான் என்ன நினைப்பது?

இப்போது உங்களுக்கு இரண்டாவது தரம் ஒரு வாய்ப்பு வருகிறது அண்ணை. வாசித்துவிடுங்கள். எனக்குப் பழையபடி ஓர் அண்ணன் கிடைக்கட்டும்.

அன்புடன்
கலா


வுப்பர்டால்
27.4.2025

அன்புள்ள கலா,

பதில் பிந்திவிட்டது. குறை நினைக்காதே. இங்கே மழை, தொங்கு ரயிலும் இரண்டு கிழமையாக ஓடவில்லை என்று காரணம் சொல்லலாம், ஆனால் காரணம் அதுவல்ல.

ஏழாம் பிரிவை எங்கள் பக்கம் ஏற்றுக்கொண்டது. பரராசசிங்கம் அண்ணை முகத்தைத் திருப்பினார். நான் விடவில்லை. ஒரு சொல்லும் மாறவில்லை.

முதல் இரண்டு வருடமும் தலைவராக நீ இரு. எங்கள் பக்கம் ஆட்கள் கூட என்பதால் முதல் முறை எங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அவர்களைச் சம்மதிக்க வைக்கிறேன். எனக்கு அறுபத்துமூன்று வயது, இரத்த அழுத்தம். உன் கையில் தொடங்கினால் நல்லது.

அன்புடன்
தபோ அண்ணை


கொலோன்
18.5.2025

அன்புள்ள தபோ அண்ணை,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எங்கள் பக்கத்தில் சந்தேகம் கிளம்பிவிட்டது. “முதல் முறை எங்களுக்குத் தாறதெண்டா ஏதோ வைச்சிருக்கினம். இரண்டு வருசத்திலை எங்களைத் தோற்கடிச்சுக் காட்டத்தான்” என்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எனக்கு வந்தது வேறு சந்தேகம்.

ஒக்டோபர் நினைவு நாளுக்குத் தலைவராக இருப்பவர்தான் பெயர் வாசிக்க வேண்டும். அதற்காகத்தானே பதவி வேண்டாம் என்கிறீர்கள்? உங்கள் ஆட்களுக்குப் பயமா? நாற்பது வருடம் கழித்துமா? இரத்த அழுத்தம் என்று எனக்கு எழுதாதீர்கள், நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நேரே சொல்லுங்கள்.

கலா


வுப்பர்டால்
8.6.2025

கலா,

நேரே சொல்கிறேன்.

எண்பத்தைந்திலேயே இயக்கத்தை விட்டுவிட்டேன் என்று விடுதியில் எல்லோருக்கும் சொன்னேன். பொய். எண்பத்தாறில் நான் உங்கள் பகுதியில்தான் இருந்தேன். ஆட்கள் விட்டுப்போன ஒரு மாடிவீடு. அதன் பின் அறையில் மற்ற இயக்கத்துப் பெடியள் ஒன்பது பேரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கதவுக்குக் காவல் நான். எனக்கு இருபத்துநான்கு வயது.

இரண்டாம் நாள் பின்னேரம் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கதவைத் திறந்து அதில் உள்ள பெயர்களை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஐந்து பெயர். நான்காவது கேதீஸ்வரன். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியும்.

ஒரு மாதத்தில் இயக்கத்தை விட்டு ஓடினேன். அடுத்த வருடம் விடுதிக் குசினியில் நீ வெங்காயம் உரித்தபடி யாரோ ஒருத்தியிடம் உன் அண்ணனின் பெயரைச் சொன்னாய். நான் அடுப்படியில் நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உனக்கு அண்ணனாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். விசாரணைக்குக் கூட வந்தது அதற்காக. தலைப்பாகை கட்டியதும் அதற்காகத்தானா என்று நீ கேட்பாய். தொடக்கம் அப்படித்தான். பிறகு அப்படியில்லை. எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியாது. நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

நீ தாளைத் தந்தபோது நான் அரசியலை நினைக்கவில்லை. அந்தப் பெயரை நான் ஒரு முறை வாசித்திருக்கிறேன் கலா. இரண்டாம் முறை, நீ முன்வரிசையில் இருக்க, வாசிக்க எனக்கு வாய் வராது. அதற்காக ஒரு சங்கத்தையே உடைய விட்டேன்.

உடன்படிக்கையைக் கிழிப்பதானால் கிழி. எல்லோருக்கும் சொல்வதானால் சொல். மறுக்க மாட்டேன்.

தபோதரன்


கொலோன்
21.9.2025

திரு. தபோதரன் அவர்களுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், மகள் துஷானியின் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்தேன். உங்கள் கடிதத்தை இவருக்குக்கூடக் காட்டவில்லை. கலியாண அல்பத்தைத் திறக்க மனம் வரவில்லை. முதலில் உங்கள் வீட்டுக் கதவில் வந்து நின்று ஊர் கேட்கக் கத்த வேண்டும் என்று இருந்தது. பிறகு, எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மண்டபத்தை விட்டுவிடலாம் என்று இருந்தது. சென்ற சனிக்கிழமை பள்ளியில் இருபது பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து படித்தார்கள். மிதுஷா ஒத்திகை பார்ப்போம் என்று சேர்த்துவிட்டாள். யார் எந்தச் சங்கத்துப் பிள்ளை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உடன்படிக்கையில் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன். முதல் இரண்டு வருடமும் நீங்கள்தான் தலைவர். நான் உப தலைவர். ஏழாம் பிரிவு எழுதியபடியே இருக்கும். நீங்கள்தான் வாசிப்பீர்கள். நான் முன்வரிசையில்தான் இருப்பேன்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

எனக்கு வேண்டியது ஒன்று. அண்ணா அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்திருக்கிறான். நாங்கள் அவனைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்திய கிழமை. அந்த இரண்டு நாளும் எங்களிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. என்ன சாப்பிட்டான், என்ன கதைத்தான், பயந்தானா? நினைவில் உள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றையும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

கலாதேவி


வுப்பர்டால்
28.9.2025

கலாதேவி அவர்களுக்கு,

கூட்டாமல் எழுதுகிறேன்.

முதல் நாள் பகல் பாணும் சம்பலும் கொடுத்தோம். அவனுக்குப் பக்கத்தில் காய்ச்சலோடு ஒருவன் கிடந்தான். உங்கள் அண்ணா தன் பாணில் பாதியைத் தண்ணீரில் நனைத்து அவனுக்குக் கொடுத்தான். நீலக் கோடு போட்ட சேட், பொக்கற்றில் பட்டன் இல்லை. கதவு இடுக்கால் என்னோடு கதைத்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் என்னைப் பார்க்கவே மாட்டார்கள்.

தரையில் கரியால் கட்டம் கீறி, புளியங்கொட்டையை வைத்து நாயும் புலியும் விளையாடினான். “அண்ணை, நீங்களும் வாங்கோவன்” என்று கேட்டான். நான் போகவில்லை.

இரண்டாம் நாள் காலை, “இண்டைக்கு வியாழனோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். “தங்கச்சிக்கு இண்டைக்குக் கணக்குச் சோதினை. நான்தான் சொல்லிக் குடுக்கிறனான். அட்சரகணிதம் பாதியிலை நிக்குது. என்ன செய்யிறாளோ தெரியேல்லை” என்றான்.

பயந்தானா என்று கேட்டீர்கள். பயந்தான். பின்னேரம் வாகனம் வந்த சத்தத்தில் புளியங்கொட்டைகளை விட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டினான். பெயரை வாசித்ததும் எழும்பினான். கால்சட்டையில் இருந்த கரியைத் தட்டினான். என்னைக் கடந்து போகும்போது, “அண்ணை, போட்டு வாறன்” என்றான். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சொல்லிப் பழகிய வாய். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

இவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

தபோதரன்


கொலோன்
2.11.2025

தலைவர் தபோதரன் அவர்களுக்கு,

நினைவு நாள் அன்று நிகழ்ச்சி முடிந்ததும் உங்களோடு கதைக்காமல் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நூற்றுப் பதினான்கு பெயர். ஐம்பத்தெட்டாவது அவனுடையது. நீங்கள் ஐம்பத்தேழில் நின்றுவிட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள், “என்ன, கண்ணாடியோ?” என்று கேட்டார்கள். மிதுஷா தண்ணீர் கொண்டுவந்தாள், நீங்கள் வாங்கவில்லை. பிறகு வாசித்தீர்கள். எழுதியிருந்தபடி கேதீஸ்வரன் என்று மட்டும் வாசிக்காமல், ‘கேதீஸ்வரன், இருபது வயது’ என்றீர்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த என் அக்கா கனடாவில் வாய்விட்டு அழுதாள். நாற்பது வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வெளியே யாரும் அவனுடைய பெயரை உரத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை.

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். உங்களுக்காக அல்ல. சொன்னால் திரும்ப இரண்டு சங்கமாகிவிடும், அவன் பெயர் திரும்பவும் ஒரு துண்டுத் தாளுக்குப் போய்விடும்.

கூட்டங்களில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன். கடிதங்களில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கும். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். பழையபடி அழைக்கச் சொல்லாதீர்கள். முடியுமா என்று எனக்கே தெரியாது. தெரியாததை உடன்படிக்கையில் எழுத முடியாது.

யார் எழுதியது என்று சொல்லாமல் அந்த இரண்டு நாளை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். பட்டன் இல்லாத அந்த நீலக் கோடு போட்ட சேட்டை அவளுக்கு ஞாபகம். தான் தைத்துக் கொடுக்க மறந்தது என்று சொன்னாள்.

இன்னுமொன்று. அந்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்து சோதனை எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணா ஏதோ சிநேகிதன் வீட்டில் நிற்கிறான், ஞாயிறு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தோம். அட்சரகணிதக் கேள்வி இரண்டு வந்தது. ஒன்றைச் செய்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். எழுபத்திரண்டு புள்ளி.

அவன் உங்களிடம்தான் கேட்டிருக்கிறான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கலாதேவி